ஜும்பா லாஹிரி: ஆங்கிலத்தை விட்டவர் வங்காளத்துக்கு வராமல் இத்தாலிய மொழிக்குப் போனது ஏன்?

இளவேனில் (தஞ்சாவூர்) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் மாதந்தோறும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கூடும் வாசிப்பு வட்டத்தில், குடிபெயர்ந்த குடும்பங்களிலிருந்து எழுத வந்த நாவலாசிரியர்களை இந்த ஆண்டு முழுவதும் படிப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் ஜும்பா லாஹிரியின் வாழ்க்கையையும் எழுத்தையும் பற்றிப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 1999இல் வெளிவந்த அவருடைய முதல் சிறுகதைத் தொகுதியான ‘இன்டர்ப்ரட்டர் ஆஃப் மாலடீஸ்’, 2003இல் வந்த ‘தி நேம்சேக்’ நாவல் ஆகிய இரண்டையும் படித்து முடித்துவிட்டேன்.

முதல் தொகுதியில் உள்ள ‘மிஸஸ் சென்ஸ்’ என்ற கதையிலிருந்து இன்னும் என்னால் வெளியே வர முடியவில்லை. கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த ஒரு பேராசிரியரின் மனைவி, பள்ளி விட்டதும் தன் வீட்டுக்கு வரும் எலியட் என்ற பதினொரு வயதுச் சிறுவனைப் பார்த்துக்கொள்கிறாள். கூடத்தில் செய்தித்தாள்களை விரித்துத் தரையில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மனையில் மணிக்கணக்காகக் காய் நறுக்குகிறாள். அந்தப் பொருளைப் பார்த்திராத வாசகர்களுக்காக அதன் வளைந்த அலகை வைக்கிங் கப்பலின் முகப்போடு ஒப்பிட்டுக் காட்டுகிறார் ஆசிரியர். எனக்கு அந்த ஒப்பீடு தேவைப்படவில்லை. வாழைக்காயைச் சீவும்போது என் பாட்டியின் அரிவாள்மனைப் பலகை தரையில் இலேசாக ஆடி எழுப்பும் ஓசை காதில் விழுந்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு கதை எங்கள் வீட்டு அடுக்களைக்குள் இப்படி வந்து உட்காரும் என்று நான் நினைத்ததே இல்லை.

இவ்வளவு நெருக்கமாக எழுதியவர் பின்னாளில் ஆங்கிலத்தில் புனைவு எழுதுவதை நிறுத்திவிட்டு இத்தாலிய மொழியில் எழுதத் தொடங்கினார் என்று அறிந்தபோது, உண்மையைச் சொன்னால், மனம் வருந்தியது. ஆங்கிலம் போதும் என்று ஒருவர் முடிவு செய்தால், தாய் பேசிய வங்காளத்துக்கல்லவா திரும்ப வேண்டும்? தாய்தந்தைக்கும் ஊருக்கும் தொடர்பே இல்லாத மூன்றாவது மொழி ஒன்றை நாற்பது வயதுக்குமேல் ஏன் தேர்ந்தெடுத்தார்? அவருடைய வாழ்க்கையை அறிந்தவர்களும், பிந்தைய நூல்களைப் படித்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


நூலகப்படி (மதுரை) – பதில்

இளவேனில், வணக்கம் அம்மா. நான் ஒரு கல்லூரி நூலகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன். இந்த எழுத்தாளர்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அவருடைய தந்தையும் நூலகப் பணியில் இருந்தவர்.

லாஹிரி 1967ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். மேற்கு வங்காளத்திலிருந்து வந்த பெற்றோர் அவரைக் கைக்குழந்தைப் பருவம் தாண்டிய சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார்கள். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் கிங்ஸ்டன் என்ற சிற்றூரில் அவர் வளர்ந்தார். அங்குள்ள பல்கலைக்கழக நூலகத்தில்தான் தந்தைக்கு வேலை. கல்கத்தாவிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து அமெரிக்கா என்று அந்தத் தந்தை கடந்த தூரமே, நீங்கள் படித்த தொகுதியின் கடைசிக் கதையான ‘தி தேர்ட் அண்ட் ஃபைனல் கான்டினென்ட்’ ஆயிற்று. 103 வயது வீட்டுக்காரம்மா, நிலவில் மனிதன் இறங்கிக் கொடி நாட்டியதைச் சொல்லி, ‘அற்புதம்’ என்று சொல்லும்படி புதிதாக வந்த வாடகைக்காரரை ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்வாரே, அந்த இடத்தை மறுபடியும் படித்துப் பாருங்கள். கடல் கடந்து வந்த ஒருவன் தினமும் ஒரே சொல்லை உரக்கச் சொல்லி ஒரு மொழியில் இடம் பிடிக்கிறான். எழுத்தாளருடைய பிற்கால வாழ்க்கைக்கான விதை அங்கேயே விழுந்துவிட்டது என்பது என் எண்ணம்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய முறையான பெயர் நீலாஞ்சனா சுதேஷ்ணா. ஜும்பா என்பது வீட்டில் அழைக்கும் பெயர். வங்காளிகள் வீட்டுப் பெயரை ‘டாக் நாம்’ என்றும், வெளியுலகத்துக்கான பெயரை ‘பாலோ நாம்’ என்றும் பிரித்து வைத்திருப்பார்கள். பள்ளியில் சேர்த்தபோது, சொல்வதற்கு எளிதாக இருக்கிறது என்று ஆசிரியர் வீட்டுப் பெயரையே எடுத்துக்கொள்ள, அதுவே நிலைத்துவிட்டது. அடுக்களையிலும் ஊஞ்சலிலும் மட்டும் புழங்க வேண்டிய பெயர் இன்று புத்தக அட்டைகளில் அச்சாகிறது. ‘தி நேம்சேக்’ நாவலின் கோகோல், நிகில் என்ற இரட்டைப் பெயர்ச் சிக்கல் இதிலிருந்து முளைத்ததுதான்.

சிறுமியாக இருந்தபோது தோழிகளோடு சேர்ந்து நோட்டுப் புத்தகங்களில் கதை எழுதியவர், வளர்ந்தபின் தன்னம்பிக்கை இழந்து பல ஆண்டுகள் எழுதாமலே இருந்தார். 1989இல் நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியில் ஆங்கில இலக்கியப் பட்டம் பெற்றார். பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம், படைப்பிலக்கியம், ஒப்பிலக்கியம் என்று மூன்று முதுகலைப் பட்டங்களும், மறுமலர்ச்சிக் கால ஆய்வில் முனைவர் பட்டமும் பெற்றார். அந்த ஆய்வேட்டின் பொருளை நீங்கள் கூட்டத்தில் அவசியம் குறிப்பிட வேண்டும்: பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஆங்கில நாடகங்களில் இத்தாலிய மாளிகை எவ்வாறு காட்டப்படுகிறது என்பதே அது. புகழ் பெறுவதற்கு முன்பே, 1994இல், தங்கையோடு ஃபுளோரன்ஸ் நகருக்குப் போய் ஒரு வாரம் தங்கியிருக்கிறார். ஆகவே இத்தாலி ஒருநாள் திடீரென்று தோன்றிய ஆசையன்று. 2012இல் குடும்பத்தோடு ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தபோது, அந்த மொழியோடு அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுத் தொடர்பு இருந்தது.

எழுத்துலகில் அவருக்கு வழி திறந்தது 1997க்குப் பிறகுதான். பிராவின்ஸ்டவுன் என்ற கடலோர ஊரில் எழுத்தாளர்களுக்கான உதவித்தொகையில் தங்கியிருந்த சில மாதங்களுக்குள் முகவர் கிடைத்தார், நூல் ஒப்பந்தமானது, ‘நியூயார்க்கர்’ இதழ் கதையை ஏற்றது. அதற்கு முன் திரும்பி வந்த கதைகள் எத்தனையோ. கெட்டி அட்டைப் பதிப்பு கூட இல்லாமல் நேரடியாகச் சாதாரண அட்டையில் வெளியான அந்த முதல் தொகுதி 2000ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசைப் பெற்றது. 2008இல் வந்த ‘அன்அக்கஸ்டம்ட் எர்த்’ வெளியான உடனேயே ‘நியூயார்க் டைம்ஸ்’ விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அப்படி நேர்வது அரிது. 2013இல் வந்த ‘தி லோலேண்ட்’ புக்கர் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. மற்ற விருதுகளை நீங்களே எளிதில் தேடிக்கொள்ளலாம்.

ஏன் இத்தாலிய மொழி என்ற கேள்விக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மன்றத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இடம் விடுகிறேன்.


வாய்க்கால்கரை (நியூ ஜெர்சி) – பதில்

இளவேனில் அவர்களுக்கு, வங்காளத்துக்கு ஏன் திரும்பவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்புவதற்கு முதலில் அங்கே இருந்திருக்க வேண்டும் அல்லவா? இதை வாதத்துக்காகச் சொல்லவில்லை. இங்கே பிள்ளை வளர்க்கும் ஒரு தாயாகச் சொல்கிறேன்.

லாஹிரி தம்முடைய முதல் இத்தாலிய நூலில் இதை ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். நான்கு வயதுவரை வீட்டில் அவர் அறிந்தது பெரும்பாலும் வங்காளம்தான். மழலையர் பள்ளியில் விட்டபோது ஆங்கிலம் பேசும் சூழல் அவருக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஆறேழு வயதில் ஆங்கிலப் புத்தகங்களைத் தாமே படிக்கத் தொடங்கியதும் ஆங்கிலம் மேலேறியது, வங்காளம் பின்னுக்குப் போனது. வங்காளத்தைப் பேசுவார், ஆனால் எழுதவோ படிக்கவோ தெரியாது, பேசும்போதும் உச்சரிப்பில் வேற்றூர் வாடை உண்டு என்று அவரே சொல்கிறார். வங்காளம் தாய், ஆங்கிலம் மாற்றாந்தாய் என்ற உருவகத்தை அவர் பயன்படுத்துகிறார். தாயோடும் முழுமையாக ஒட்ட முடியவில்லை, வளர்த்த மாற்றாந்தாயிடம் காட்டிய அன்பு பெற்ற தாய்க்குச் செய்யும் துரோகமாகத் தோன்றியது என்று இரண்டுக்கும் நடுவே அவர் வளர்ந்தார்.

‘தி நேம்சேக்’ நாவலின் முதல் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். நிறைமாதக் கர்ப்பிணியான அஷிமா, அமெரிக்கச் சமையலறையில் நின்றுகொண்டு, காலை உணவுக்கான அரிசிப் பொரியையும் வேர்க்கடலையையும் வெங்காயத்தையும் ஒரு கிண்ணத்தில் கலந்து, கல்கத்தா நடைபாதையில் காகிதப் பொட்டலத்தில் விற்கும் காரப்பொரியின் சுவையைக் கொண்டுவரப் பார்க்கிறாள். கடுகெண்ணெய் மட்டும் இல்லை. எதையோ ஒன்றைச் சேர்க்கத் தவறிய உணர்வோடுதான் அவள் நிற்கிறாள். மருத்துவமனையில் அவள் கையில் இருப்பது கசங்கிப்போன ‘தேஷ்’ என்ற வங்காள இதழ். அம்மா திரும்பத் திரும்பப் படிக்கும் அந்த எழுத்துகள் பிள்ளைக்கு வெறும் கோடுகளாகத் தெரியும் வீடு எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். என் மகள் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். பாட்டியோடு தொலைபேசியில் தடையின்றிப் பேசுகிறாள். ஆனால் சென்ற பொங்கலுக்குப் பாட்டி தன் கைப்பட எழுதி அனுப்பிய வாழ்த்தைப் படிக்க என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். நான் வாசிக்க, அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரலாற்றுப் பின்னணியையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் நாடுவாரியான பழைய ஒதுக்கீட்டு முறையை நீக்கியபின்தான், ஆசியாவிலிருந்து படித்தவர்களும் தொழில் தெரிந்தவர்களும் பெருமளவில் அமெரிக்காவுக்குள் வர முடிந்தது. அந்த முதல் அலையில் வந்த குடும்பங்கள் சிற்றூர்களில் தனித்தனியாக வாழ்ந்தன. இன்று என் மகளுக்கு இருக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைப் போன்ற ஏற்பாடுகள் அன்றைய சிற்றூர்களில் எளிதில் கிடைப்பவையாக இல்லை. கடைக்குப் போனால், பெற்றோரின் உச்சரிப்பைக் கேட்ட விற்பனையாளர்கள் அவர்களை விட்டுவிட்டுச் சிறுமியான லாஹிரியிடம் பேசியிருக்கிறார்கள். தாய்தந்தையர் ஆங்கிலத்தில் தாழ்த்தப்படுவதை அருகில் நின்று பார்த்த குழந்தைக்கு அந்த மொழி வெறும் கருவியாக எப்படி இருக்கும்? அதில் வெற்றி பெறுவதே ஒரு சுமையாகிவிடும். வங்காளத்தைக் கற்கலாம் என்றாலும், அங்கே ஒவ்வொரு பிழைக்கும் ஒரு குற்றவுணர்வு காத்திருக்கும். யாருக்கும் எதுவும் கடன்படாத ஒரு மொழியை அவர் தேடியதை நான் புரிந்துகொள்கிறேன்.


கடலோடி (பலெர்மோ) – பதில்

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தவன். இருபத்தாறு வருடங்களாக இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில் இருக்கிறேன். இங்கே எங்கள் ஆட்கள் கணிசமாக இருக்கிறார்கள். வீட்டுவேலையிலும் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையிலும் இருந்தபடியே இத்தாலிய மொழியைப் பிடித்துக்கொண்டவர்கள் நாங்கள். எங்கள் பிள்ளைகள் என்னைவிடப் பத்து மடங்கு நன்றாகக் கதைப்பார்கள். லாஹிரியின் இத்தாலிய நூல்களை அந்த மொழியிலேயே படித்திருக்கிறேன் என்பதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

2015இல் வந்த ‘இன் ஆல்ட்ரே பரோலே’ என்ற நூலின் பெயருக்கு ‘வேறு சொற்களில்’ என்று பொருள். அதன் தொடக்கத்தில் ஒரு சிறிய ஏரி வருகிறது. ஏரியைக் குறுக்கே நீந்திக் கடக்க அவருக்கு ஆசை; ஆனால் நடுவில் ஆழம் என்று பயந்து, ஒரு மாதம் கரையோரமாகவே சுற்றிச் சுற்றி நீந்துகிறார். இருபது வருடங்களாக ஆங்கிலம் என்ற கரையைப் பிடித்துக்கொண்டே இத்தாலிய மொழியை அப்படித்தான் கற்றதாகச் சொல்கிறார். ஃபுளோரன்ஸ் பயணத்துக்காக வாங்கிய கையடக்க அகராதியைப் பற்றி எழுதும் இடமும் எனக்குப் பிடிக்கும். நான் இங்கே வந்த புதிதில் என் சட்டைப்பையிலும் அப்படி ஒன்று இருந்தது. முதலாளியம்மா சொன்ன சொல்லைக் குளியலறைக்குள் போய்த் தேடிப் பார்த்துவிட்டு வருவேன்.

நீங்கள் கூட்டத்தில் வாசிக்க வேண்டிய பகுதி என்று நான் நினைப்பது ‘இல் மூரோ’, அதாவது ‘சுவர்’ என்ற அத்தியாயம். சலெர்னோ நகரத்துக் கடையொன்றில் லாஹிரி பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கப் போகிறார். விற்பனைப் பெண்ணோடு திருத்தமான இத்தாலியத்தில் பேசுகிறார். பிறகு அவருடைய கணவர் உள்ளே வந்து ஒரு சில சொற்கள் மட்டும் சொல்கிறார். கணவர் ஸ்பானிய மொழியைச் சரளமாகப் பேசுபவர்; அவருடைய இத்தாலியம் மனைவியின் அளவுக்கு இல்லை. ஆனால் தோற்றத்தில் இத்தாலியர் போலத் தெரிகிறார். விற்பனைப் பெண் லாஹிரியைப் பார்த்து, உங்கள் கணவர் இத்தாலியராகத்தான் இருக்க வேண்டும், எவ்வளவு சுத்தமாகப் பேசுகிறார் என்று மெச்சுகிறாள். அந்தப் பத்தியைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்தேன். என் மகள் இங்கேயே பிறந்தவள்; மருந்துக்கடையில் அவளிடம் இன்றைக்கும் சைகையால் பேசுபவர்கள் உண்டு. அமெரிக்காவில் பெற்றோருக்கு நடந்ததைப் பார்த்து வளர்ந்த சிறுமிக்கு, நாற்பது வயதுக்குமேல் ரோமிலிருந்து சலெர்னோவுக்குப் போன இடத்தில் அதே சுவர் எதிரே நின்றது. அது மொழியால் எழுப்பிய சுவரல்ல, முகத்தைப் பார்த்து எழுப்பிய சுவர் என்று அவர் கண்டுகொள்கிறார். இதை அவர் ஆங்கிலத்திலேயே இருந்திருந்தால் இவ்வளவு கூர்மையாக எழுதியிருக்க முடியாது.

அந்த நூலின் ஆங்கிலப் பதிப்பை அவர் தாமே மொழிபெயர்க்கவில்லை. ஆன் கோல்ட்ஸ்டைனிடம் விட்டுவிட்டார். தம் கைக்கு வந்தால் பழக்கப்பட்ட ஆங்கிலம் இத்தாலிய வாக்கியங்களின் தடுமாற்றத்தை மெருகேற்றிவிடும் என்ற அச்சமே காரணம். இடப்பக்கம் இத்தாலியம், வலப்பக்கம் ஆங்கிலம் என்று 2016இல் வெளியிட்டார்கள். 2018இல் வந்த ‘டோவே மி ட்ரோவோ’ நாவலை மட்டும், துணிவு வந்தபின், தாமே ஆங்கிலமாக்கி 2021இல் ‘வேர்அபவுட்ஸ்’ என்ற பெயரில் தந்தார். அதில் வருபவள் பெயரில்லாத ஒரு பெண். நகரத்துக்கும் பெயர் இல்லை. நடைபாதையில், அலுவலகத்தில், உணவகத்தில் என்று இடங்களின் பெயரில் சிறுசிறு அத்தியாயங்கள். வங்காளப் பெயர்களும் சமையலும் சடங்கும் நிறைந்திருந்த எழுத்தாளர், எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு நிற்கும் நாவல் அது.


கரிசல்வேர் (கோவில்பட்டி) – பதில்

எல்லோருடைய பதில்களையும் மதிப்போடு படித்தேன். எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு; அதையும் கூட்டத்தில் சொல்வது நல்லது.

வங்காளத்தில் எழுதப் படிக்கத் தெரியாது என்பது காரணமாகாது. இத்தாலியத்துக்கு இருபது ஆண்டுகளையும் தனிப் பயிற்சியாளர்களையும் கொடுத்தவரால், அதில் பாதி உழைப்பை வங்காளத்துக்குக் கொடுத்திருக்க முடியும். குடும்பத்தோடு ஒரு நாட்டுக்குப் போய் ஒரு மொழிக்காகவே வாழ்வது வசதி வாய்த்தவர்களுக்கு மட்டும் கூடுவது. கடலோடி ஐயா குளியலறைக்குள் அகராதி பார்த்ததும், லாஹிரி அகராதி பார்த்ததும் ஒன்றல்ல. ஒருவருக்குப் பிழைப்பு, மற்றவருக்கு விருப்பம். அவருடைய ஆங்கிலக் கதைகளிலும் பெரும்பாலும் பேராசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், மருத்துவர்கள் ஆகியோரின் வீடுகளே வருகின்றன.

இதைவிட எனக்குப் பெரிய வருத்தம் வேறு. அவர் எழுதியவற்றில் ‘தி லோலேண்ட்’ நாவலை நான் முதலிடத்தில் வைப்பேன். கல்கத்தாவின் டாலிகஞ்ச் பகுதியில் இரண்டு குளங்களுக்கு இடையே ஆகாயத்தாமரை படர்ந்த தாழ்நிலம். மழைக்காலத்தில் குளங்கள் நிறைந்து இரண்டும் ஒன்றாகிவிடும். அங்கே வளரும் சுபாஷ், உதயன் என்ற இரு சகோதரர்களில் தம்பி 1967இல் நக்சல்பாரியில் மூண்ட எழுச்சியால் ஈர்க்கப்பட்டு இயக்கத்தில் சேர்கிறான். அண்ணன் ரோட் ஐலண்டுக்குப் படிக்கப் போகிறான். தம்பி தன் குடும்பத்தார் கண்ணெதிரே சுடப்படுகிறான். கருவுற்றிருக்கும் அவன் மனைவி கௌரியை அண்ணன் மணந்து அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்கிறான். லாஹிரியின் தாத்தா வீட்டுக்கு அருகில் உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேள்விப்பட்டு, பல ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்து எழுதியது அது. அந்த அளவுக்கு ஒரு மண்ணுக்குள்ளும் அரசியலுக்குள்ளும் போனவர், அடுத்த நாவலில் ஊரும் பேரும் இல்லாத ஒரு பெண்ணிடம் வந்து நிற்கிறார். இளவேனில் சொன்ன அரிவாள்மனை இத்தாலிய நூல்களில் எங்கே? ஒரு கலைஞர் தம்மிடமிருந்த செல்வத்தைத் தாமே கைவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குடிபெயர்ந்தோர் இலக்கியம் என்ற முத்திரையை அவர் ஏற்க மறுத்ததை மட்டும் நான் முழுமையாக ஆதரிக்கிறேன். எழுத்தாளர்கள் எப்போதும் தாம் வந்த உலகத்தைத்தான் எழுதுகிறார்கள், சிலரை மட்டும் அப்படிப் பிரித்துப் பெயரிடுவானேன் என்று அவர் கேட்டது நியாயம். ‘அன்அக்கஸ்டம்ட் எர்த்’ என்ற தலைப்பைக்கூட அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் நத்தானியேல் ஹாதோர்னிடமிருந்து எடுத்தார்: உருளைக்கிழங்கைப் போல மனித இயல்பும் ஒரே மண்ணில் தலைமுறை தலைமுறையாக நட்டுக்கொண்டிருந்தால் செழிக்காது, என் பிள்ளைகள் பழகாத மண்ணில் வேரூன்றட்டும் என்று ஹாதோர்ன் எழுதிய பகுதியிலிருந்து.


கடலோடி (பலெர்மோ) – மறுமொழி

கரிசல்வேர் ஐயா, பிழைப்புக்கும் விருப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் சொன்னது சரி; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் அதை மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. 2022இல் இத்தாலிய மொழியில் வந்த ‘ராக்கோன்டி ரோமானி’, அதாவது ‘ரோமானியக் கதைகள்’ தொகுதியைப் படித்துப் பாருங்கள். பேராசிரியர் வீடுகள் அங்கேயும் உண்டு. ஆனால் கூடவே வீட்டுவேலை செய்பவர்களும், அக்கம்பக்கத்தாரின் வெறுப்பால் கிடைத்த வீட்டை விட்டு விரட்டப்படும் ஒரு குடும்பமும் வருகிறார்கள். ஒரு கதையில் பள்ளிக்கூடத்தில் உதவியாளராக வேலைக்குச் சேரும் அயல்நாட்டுப் பெண் ஒருத்தி, தன் மேலங்கிப் பையில் கைவிட்டால் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள் வருகின்றன. உன்னை எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று குழந்தைக் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. எந்த நாட்டுக்காரர்கள் என்று அவர் பெயர் சொல்வதில்லை. ரோமில் வங்கதேசத்தவர்கள் பெருந்தொகையாக இருக்கிறார்கள் என்பது இங்கே வாழும் எவருக்கும் தெரியும். எங்களைப் போன்றவர்களும் அந்தப் பெயரில்லாத இடத்துக்குள் நுழைய முடிகிறது. ஊர்ப்பெயர் எழுதியிருந்தால் அது வேறு யாருடைய கதையாகவோ போயிருக்கும். அரிவாள்மனை இல்லைதான், அந்தக் காகிதத் துண்டு இருக்கிறது.

வங்காளம் கற்றிருக்கலாமே என்ற உங்கள் கேள்விக்கு வாய்க்கால்கரை அம்மா ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். பெற்றோரின் மொழியில் நாற்பது வயதில் பிழைபட எழுதுவது, வீட்டுப் பெரியவர்கள் முன்னால் பரீட்சை எழுதுவதைப் போன்றது. இத்தாலியத்தில் அவர் பிழைவிட்டால் யாருடைய மனமும் நோகாது.


நூலகப்படி (மதுரை) – மறுமொழி

நல்ல விவாதம். ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். இத்தாலியத்துக்குப் போனபின் லாஹிரி நாவலாசிரியராக மட்டும் இல்லை, மொழிபெயர்ப்பாளராகவும் ஆகிவிட்டார். இத்தாலிய எழுத்தாளர் டொமெனிகோ ஸ்டார்னோனேயின் மூன்று நாவல்களை 2017 முதல் 2021 வரையான காலத்தில் ஆங்கிலமாக்கினார். 2019இல் இத்தாலியச் சிறுகதைகளின் பெருந்தொகுப்பு ஒன்றைப் பெங்குவின் பதிப்பகத்துக்காகத் தொகுத்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபோது, யெலேனா பராஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து, பழைய ரோமானியக் கவிஞர் ஓவிட் லத்தீனில் எழுதிய ‘உருமாற்றங்கள்’ காவியத்தை மொழிபெயர்க்கத் தொடங்கினார். 2022 முதல், தாம் படித்த பார்னார்ட் கல்லூரிக்கே திரும்பி அங்கே கற்பித்துவருகிறார்.

அந்தக் காவிய மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான் 2021இல் அவருடைய தாய் காலமானார். ‘டிரான்ஸ்லேட்டிங் மைசெல்ஃப் அண்ட் அதர்ஸ்’ என்ற கட்டுரைத் தொகுப்பின் இறுதியில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். மனிதர்கள் மரமாகவும் நீராகவும் மாறும் வரிகளை மொழிபெயர்த்துக்கொண்டே, தாய் உயிருள்ளவரிலிருந்து வேறொன்றாக மாறுவதைப் பார்த்திருக்கிறார். தாய்மொழியைக் கைவிட்டவர் என்ற வருத்தத்தோடு இளவேனில் தொடங்கினார் அல்லவா? அந்தக் கட்டுரையைப் படித்தபின் எனக்கு அந்த வருத்தம் இல்லை. இடையறாமல் பெயர்த்துக்கொண்டே இருப்பது வங்காளம் பேசிய வீட்டில் வளர்ந்த குழந்தையின் முதல் வேலை. உள்ளே ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்று அது நான்கு வயதில் தொடங்கியது. ‘இன்டர்ப்ரட்டர்’ என்ற சொல் அவருடைய முதல் நூலின் தலைப்பிலேயே இருக்கிறது. அதே தலைப்புள்ள கதையின் கபாசி, நோயாளிகளின் நோயை மருத்துவருக்கு எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர்.


இளவேனில் (தஞ்சாவூர்) – மறுமொழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்திருக்கிறது. கரிசல்வேர் ஐயாவின் மாற்றுக் கருத்தைக் கூட்டத்தில் அவருடைய சொற்களிலேயே வாசிக்கிறேன். அதற்கு எங்கள் உறுப்பினர்களும் பதில் சொல்லட்டும். வாய்க்கால்கரை அம்மா எழுதிய பொங்கல் வாழ்த்தைப் படித்தபின், ‘தி நேம்சேக்’ நாவலில் அந்த மருத்துவமனைப் பகுதியை எடுத்து மறுபடியும் படித்தேன். முதல் வாசிப்பில் அந்த ‘தேஷ்’ இதழை நான் கவனிக்கவே இல்லை.

கூட்டத்தில் இரண்டு பகுதிகளை உரக்க வாசிக்கலாம் என்று நினைக்கிறேன்: மிஸஸ் சென் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதும், சலெர்னோ கடையும். கடலோடி அண்ணா, ஒரு வேண்டுகோள். சலெர்னோப் பகுதியின் இத்தாலிய மூலத்தில் ஒரு பத்தியை மட்டும் உங்கள் குரலில் பதிவு செய்து அனுப்ப முடியுமா? பொருள் புரியாவிட்டாலும் அந்த மொழி எப்படி ஒலிக்கிறதென்று எங்கள் வட்டத்தார் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.


கடலோடி (பலெர்மோ) – மறுமொழி

கட்டாயம் அனுப்புகிறேன், தங்கச்சி. ஆனால் என் உச்சரிப்பில் யாழ்ப்பாணம் இருக்கும். மகளை வாசிக்கச் சொல்கிறேன். அவள் இன்று இரவு வேலை முடிந்து வந்ததும் கேட்கிறேன்.